கோவையிலிருந்து வேளாங்கண்ணிக்குக் குழுவாக நடைபயணம்: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர் பக்கமிருந்து முதல் முறையாக ஒரு குழுவைச் சேர்த்து வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுக் குழுக்கள் எல்லாமே காலைப் பற்றித்தான் கவலைப்படும். கால் மூன்றாம் நாளே பழகிவிடும். குழு சிதறுவது தங்கலில்தான்: எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, ராத்திரி எங்கே படுப்பது என்பது முடிவாகாமல் கிளம்பிய குழு கரூர் தாண்டுவதற்குள் மூன்று குழுவாகிவிடும். அதனால் இங்கே நடையைவிட நிறுத்தத்தைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

1. தேதியைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலை பெரிய தேர், 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் திருவிழா. இதில் எதற்குப் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கோவையிலிருந்து பல்லடம், காங்கயம், வெள்ளகோவில், கரூர், குளித்தலை, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகச் சுமார் 360 கி.மீ. பழகியவர்கள் ஒரு நாளைக்கு 30 கி.மீ. போட்டு 12 நாளில் முடிப்பார்கள். புதுக் குழுவுக்கு 22, 23 கி.மீ. போதும். அப்படியானால் 16 நாள் நடை, திருச்சியில் ஒரு நாள் ஓய்வு. ஆகஸ்ட் 20 காலை கிளம்பினால் செப்டம்பர் 5 மாலை சேரலாம். 7-ஆம் தேதி ராத்திரி போய்ச் சேருவதுபோலத் திட்டம் போடாதீர்கள். வழியில் ஒரு நாள் மழையில் போனால்கூட அதை ஈடுகட்ட நாள் இருக்காது. கடைசி இரண்டு நாளும் கூட்டம் ஓட்டமாக ஓடும்.

முதல் இரண்டு நாளை வேண்டுமென்றே சின்னதாக வையுங்கள்: கோவையிலிருந்து சூலூர், சூலூரிலிருந்து பல்லடம். கிளம்பின உற்சாகத்தில் முதல் நாளே 35 கி.மீ. நடந்தவர்கள்தான் காங்கயத்தில் பஸ் ஏறுகிறார்கள்.

பூண்டி மாதாவையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பாதிப்பேர் கேட்பார்கள். திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், ஒரு நாள் கூடும். போவதா வேண்டாமா என்பதைக் கோவையிலேயே பேசி முடித்துவிடுங்கள். திருச்சியில் வைத்து வாக்கெடுப்பு நடத்தக்கூடாது.

2. தங்கலை நேரில் போய்ப் பாருங்கள்

ஜூலையிலேயே இரண்டு பேர் வண்டியில் முழு வழியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். போனில் "தாராளமா வாங்க, இடமிருக்கு" என்று சொல்வதை நம்பி இருபத்தைந்து பேரைக் கூட்டிப்போக முடியாது. இடம் இருக்கும், கழிவறை ஒன்றுதான் இருக்கும்.

முதலில் பங்குக் கோயில் வளாகத்தைக் கேளுங்கள். அது இல்லாத ஊரில் பள்ளிக்கூடம், அதுவும் இல்லையென்றால் கல்யாண மண்டபம். மண்டபத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் வரிசையாக வரும். நீங்கள் போகும் நாள் முகூர்த்த நாளா என்று காலண்டரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். முந்தின நாள் சாயங்காலமே பெண் அழைப்புக்கு ஆள் வந்துவிடும், உங்களுக்குத் திண்ணைகூடக் கிடைக்காது. பள்ளிக்கூடம் என்றால் காலை எட்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும். நீங்கள் ஐந்துக்கே கிளம்பிவிடுவதால் அது பிரச்சினையில்லை, ஆனால் மாலை நான்கரைக்கு முன் உள்ளே விடமாட்டார்கள்.

நேரில் போகும்போது ஐந்து விஷயம் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிவறையும் உள்தாழ்ப்பாளும் இருக்கிறதா. தண்ணீர் எவ்வளவு வரும், குடிக்க ஆகுமா, போர் தண்ணீர் உப்பா. வண்டி உள்ளே வருமா. மழை வந்தால் கூரைக்குக் கீழே எல்லோரும் படுக்க முடியுமா. கடைசியாக, கேட் சாவி யாரிடம். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அனுமதி கொடுத்தவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவர். அவர் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருப்பார். இருபது கி.மீ. நடந்த கூட்டம் பூட்டின கேட்டுக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த ராத்திரி கிளம்பும் சண்டை வேளாங்கண்ணி வரைக்கும் ஓயாது.

வெள்ளகோவிலுக்கும் கரூருக்கும் நடுவே தங்கல் கிடைப்பதுதான் கஷ்டம். தென்னிலையா க.பரமத்தியா என்று முடிவு செய்து அதை மட்டும் முதலில் உறுதிப்படுத்துங்கள், மற்ற ஊர்கள் அதைச் சுற்றித் தானாக அமையும். ஞாயிற்றுக்கிழமைகள் எந்த ஊரில் வருகின்றன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காலைத் திருப்பலி பார்த்துவிட்டுக் கிளம்பினால் வெயிலேறிவிடும், ஆகவே அன்றைய தூரம் பாதியாக இருக்கட்டும்.

3. கடிதமும் பட்டியலும்

பங்குத்தந்தையிடம் லெட்டர்பேடில், முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி இருபது நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் கேட்பார்கள். கிளம்பும் ஊர்க் காவல் நிலையத்தில் பாதை, தேதி, ஆட்களின் எண்ணிக்கையோடு ஒரு மனு கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பெயர்ப் பட்டியலில் வயது, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, வீட்டு ஆள் ஒருவரின் போன் எண் இருக்க வேண்டும். வீட்டு ஆள் என்றால் கூட நடக்காத ஆள். புருஷன் எண்ணை மனைவியும், மனைவி எண்ணைப் புருஷனும் எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் சேர்ந்தே வருவார்கள், பார்த்து வாங்குங்கள்.

4. யாரைச் சேர்ப்பது

முதல் தடவைக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒரு வண்டி போதாது, ஒரு தங்கலில் கழிவறை போதாது.

சர்க்கரை, பி.பி., இதய நோய் உள்ளவர்களைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை தாழும். வழக்கமான அளவு மாத்திரையோ இன்சுலினோ அப்போது அதிகமாகிவிடலாம். அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும், கூட வரும் அண்ணன் அல்ல. அவர்கள் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும். விரதம் என்று காலைச் சாப்பாட்டை விடும் வழக்கம் சில குழுக்களில் உண்டு, இவர்களுக்கு அது கூடவே கூடாது.

செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் வருவார்கள். நேர்ச்சையில் நாம் தலையிட முடியாது. ஆனால் சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், தார் சுட்டாலும் முள் ஏறினாலும் தெரியாது. அப்படிப்பட்டவர் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசி நேர்ச்சையை வேறு விதமாக மாற்றிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

பெண்கள் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நாளில் நடக்கக்கூடாது, கோயிலுக்குள் வரக்கூடாது என்று திருச்சபையில் விதி ஏதும் கிடையாது. அந்த நாட்களைத் தள்ளிப்போட மாத்திரை தேடி அலைய வேண்டாம். நாப்கினும் பழைய செய்தித்தாளும் வண்டியில் ஒரு பையில் இருக்கட்டும், அதன் பொறுப்பை ஒரு அக்காவிடம் கொடுங்கள்.

5. காலைப் பழக்குவது

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை: 10, 15, பிறகு 20 கி.மீ. முக்கியமானது கடைசியில் செய்யும் இரட்டை நாள். சனிக்கிழமை 20, மறுநாளே மறுபடி 20. ஒரு நாள் 25 கி.மீ. யார் வேண்டுமானாலும் நடந்துவிடலாம். மறுநாள் காலையில் அதே வலியோடு எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

கோவைக்காரர்களுக்கு நல்ல ஒத்திகை, கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம். காந்திபுரத்திலிருந்து ஒரு நாள் தூரம்தான். வண்டி, வரிசை, நிறுத்தம் எல்லாவற்றையும் அன்றைக்கே நடத்திப் பாருங்கள். இந்த ஒத்திகைக்கு வராதவரைப் பெரிய நடைக்குச் சேர்க்காதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. வாங்குவதானால் ஜூனிலேயே, சாயங்கால வேளையில் கடைக்குப் போய் வாங்குங்கள். கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாகக் கிடைக்கும். பெருவிரலுக்கு முன் ஒரு விரல் இடம் வேண்டும். மாற்றுக்குப் பின்வார் உள்ள செருப்பு ஒரு ஜோடி. ஹவாய் செருப்பு தங்கலில் குளிக்கப் போக மட்டும்.

6. வண்டியும் சமையலும்

ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) போதும். அதில் சமையல் சாமான், கேஸ், தண்ணீர் கேன், ஆளுக்கு ஒரு பை. பை ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது, பெயர் வெளியே பெரிதாக எழுதியிருக்க வேண்டும். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு இருபத்தைந்து கருப்புப் பைகளில் தன்னுடையதைத் தேடுவது அழகான காட்சியல்ல.

சமையல்காரர் நடக்கக்கூடாது, வண்டியில்தான் போக வேண்டும். நடந்து வந்தவரே சமைத்தால் சாப்பாடு பத்து மணிக்குத்தான். ராத்திரிக்கு அரிசியும்பருப்பும் சாதம்போல வேறில்லை. ஒரே பாத்திரம், முக்கால் மணி நேரம், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் தயிரும் போதும். காலையில் இட்லி வாங்கிக்கொள்ளலாம், மதியம் வண்டி முன்னால் போய் நிழல் பார்த்துச் சமைத்து வைக்கும். கறி வேண்டாம். காவி உடுத்தி மாலை போட்டவர்கள் எப்படியும் தொடமாட்டார்கள் என்பது ஒரு பக்கம், வெயிலில் கெட்ட கறியால் ஒரே ராத்திரியில் குழு முழுதும் படுத்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

பணத்தைக் கிளம்பும் முன்பே முழுதாக வசூலித்துவிடுங்கள். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் கணக்கு நோட்டு.

7. சாலையில் வரிசை

எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, சாலையின் வலது ஓரத்தில் நடக்க வேண்டும். பின்னால் வருவது தெரியாது, முன்னால் வருவதைப் பார்த்து ஒதுங்க முடியும். இரண்டு இரண்டு பேராக, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே. திருச்சி–தஞ்சை நான்குவழிச் சாலையில் சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் இறங்கிவிடுங்கள், மேம்பாலம் ஏற வேண்டாம்.

குட்டியானை குழுவுக்குப் பின்னால் ஊர்ந்து வரக்கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் பல குழுக்கள் இதைச் செய்கின்றன. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் வரும் லாரிக்கு முன்னால் மெதுவாக ஊரும் வண்டிதான் பெரிய ஆபத்து. வண்டி ஐந்து கி.மீ. முன்னால் போய், சாலையை விட்டு இறங்கி நிற்கட்டும்.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் பழக்கத்தையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் டிரைவர்கள் கண்ணயரும் நேரம். கொங்குப் பகுதியில் ஆகஸ்டில் காற்று இருக்கும், ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். இருட்டு இருக்கும் வரை முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் மேல்சட்டை போட்டு டார்ச் பிடிக்க வேண்டும். காவிச் சட்டை இருட்டில் தெரியாது.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரிடமும் போன். முன்னால் போகிறவர் குழுவிலேயே மெதுவாக நடக்கும் அக்காவின் வேகத்தில் போக வேண்டும். வேகத்தை அளக்க ஜெபமாலையே கருவி: முன் வரிசை "அருள் நிறைந்த மரியே" சொல்ல, பின் வரிசை மூச்சு வாங்காமல் "புனித மரியே" என்று முடிக்க முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. பின்னாலிருந்து பதில் தேய்ந்து வந்தால் உடனே குறையுங்கள். மைக் செட் வேண்டாம். ஹாரன் காதில் விழாது.

8. நிறுத்தம்: கடிகாரம் கடைசி ஆளிடம்

ஐந்து கி.மீ.க்கு ஒரு நிறுத்தம், பதினைந்து நிமிடம். இதை எல்லாக் குழுவும் செய்யும். எல்லாக் குழுவும் தப்பாகவும் செய்யும்.

நடப்பதைப் பாருங்கள். இளவட்டங்கள் முதலில் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து, மோர் குடித்து, காலை நீட்டிப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அப்போதுதான் பின்னால் நொண்டிக்கொண்டு ஒரு அக்கா வந்து சேருவார். பையை இறக்குவதற்குள் முன்னால் இருப்பவர்கள் எழுந்து தூசி தட்டுவார்கள். "நீங்க முன்னால போங்க கண்ணு, நான் வந்துர்றேனுங்க" என்பார். பாதித் தம்ளர் மோரை நின்றபடி குடித்துவிட்டு அவரும் கிளம்புவார். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடையாது. மூன்றாம் நாள் அவர் வண்டியில் ஏறுவார், எல்லோரும் "வயசாச்சுல்ல" என்பார்கள்.

ஆகவே விதி இது: கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பதினைந்து நிமிடம் தொடங்கும். முதலில் வந்தவருக்கு அரை மணி ஓய்வு கிடைத்தால் கிடைக்கட்டும். இரண்டே நாளில் அவர்களாகவே மெதுவாக நடக்கத் தொடங்குவார்கள், வேறு உபதேசம் தேவைப்படாது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டால் "என் ஜோடி வந்தாச்சு" என்று சொன்னாலே போதும். உட்கார்ந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்ற வேண்டும். ஈரக் கால்தான் கொப்புளம் போடும்.

9. கால் வைத்தியம்

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்று மைக்ரோபோர் டேப் ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம்" என்றால் அடுத்த நிறுத்தத்தில் நீர் கோத்திருக்கும்.

சின்னக் கொப்புளத்தை விட்டுவிடுங்கள். நடக்க முடியாத அளவு பெரிதானால் ராத்திரித் தங்கலில், சோப்புப் போட்டுக் கை கழுவி, பெட்டாடின் தடவி, புதிய ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, பஞ்சால் மெல்ல அழுத்தி நீரை எடுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது, புதுத்தோலுக்கு அதுதான் மூடி. கொப்புளத்துக்குள் நூலைக் கோத்து அப்படியே விடுவது பழைய ஆட்களின் வழக்கம். நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும், வேண்டாம். ஒரே ஊசியை அடுத்தவருக்குப் போடவே கூடாது. சுற்றிலும் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரி.

தொடை உரசலுக்குக் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். வலி மாத்திரையைக் கடலைமிட்டாய்போல வாங்கிப் போடுவதைத் தடுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

10. தண்ணீர்: காற்றும் புழுக்கமும்

பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள், பிறகு கிளுவை வேலி போட்ட கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளும், நடை சுகமாக இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள். வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வேர்த்ததே தெரியாது, தாகமும் எடுக்காது. சட்டையில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால் குடித்தது போதவில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலும் அப்படித்தான்.

கரூர் தாண்டி மாயனூர் வந்ததும் காவிரி. மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் காலம் இது. களைத்த கால்களோடு யாரையும் ஆற்றில் இறங்க விடாதீர்கள். படித்துறையில் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். மேலே அமைதியாகத் தெரியும், மணல் எடுத்த பள்ளமும் சுழலும் கீழே இருக்கும். இதில் மட்டும் குழுத்தலைவர் கெட்ட பேர் வாங்கினால் பரவாயில்லை.

தஞ்சாவூரிலிருந்து சாலியமங்கலம், நீடாமங்கலம் பக்கம் போகப்போகக் காற்று நின்று புழுக்கம் கூடும். கொங்கு உடம்புக்கு இது புதுசு. தூரத்தை இரண்டு, மூன்று கி.மீ. குறையுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். நீர்மோரில் உப்பு, அல்லது ஓ.ஆர்.எஸ். ஒரு பெரிய பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் போட்டுக் குடித்தால் அளவு தப்பும். ஒருவர் உளறினாலோ, உடம்பு கொதித்துத் தள்ளாடினாலோ நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாயங்கால மழைக்கு ஆளுக்கு ஒரு குடை, இரண்டு ஜோடி காய்ந்த சாக்ஸ் பாலித்தீன் உறையில். டெல்டாவில் துவைத்தது ராத்திரியில் காயாது.

11. வேளாங்கண்ணியிலும் திரும்பும்போதும்

கீழ்வேளூர், சிக்கல் வந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் வரும் காவிக் கூட்டம் ஒன்றாகக் கலக்கும். ஒருவரை ஒருவர் தொலைப்பது இங்கேதான். குழுவுக்கென்று ஒரே நிறத் தோள்துண்டு இருந்தால் நல்லது. ஊருக்குள் நுழையும் முன் சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். "கோயில் வாசல்ல" என்றால் ஆகாது, அங்கே லட்சம் பேர் நிற்பார்கள். திருவிழா நாளில் போனும் எடுக்காது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். தங்க அறை வேண்டுமானால் ஜூன், ஜூலையிலேயே பேச வேண்டும்.

மாதா குளத்துப் பாதையில் முட்டிபோட்டுப் போவதாக வேண்டியிருப்பவர்கள் வந்த அன்றே போகாமல், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மணல் சுடாத விடியற்காலையில் போகலாம். கடலில் குளிக்க வேண்டாம். அலை காலை வாரும், நடந்து ஓய்ந்த கால் நிற்காது.

திரும்பும் டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். 8-ஆம் தேதி ராத்திரி நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. 9-ஆம் தேதிக்கு எடுத்தால் நிம்மதி. வண்டியில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்து வந்தால் கணுக்கால் வீங்கும், பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கணக்கு நோட்டை அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லோர் முன்னிலும் படித்துவிடுங்கள். மீதி இருந்தால் அங்கேயே பிரித்துக் கொடுங்கள். அந்த நோட்டின் பின்பக்கத்தில் எந்தத் தங்கலில் எத்தனை கழிவறை, சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் கூட்டிப்போகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.